குழாயில் உப்பு, அரிசியில் வண்டு: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. திட்டக்குடியில் வாடகைக்கு வீடு பிடித்து, நீயே சமைத்துச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறாய் என்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். கடிதத்தின் மீதிப் பாதி முழுக்கப் புகார். குழாயெல்லாம் வெள்ளை உப்பு, சிங்க்கில் தண்ணீர் இறங்கவில்லை, ராத்திரியெல்லாம் சொட்டும் குழாய், அரிசியில் வண்டு, அம்மா கொடுத்துவிட்ட ஊறுகாயில் பூஞ்சை, வாரத்துக்கு ஒருமுறை போய்க்கொண்டிருந்த ஃபியூஸ். கடைசியில் ஒரு வரி: "காசு செலவில்லாமல், சமையல்கட்டில் இருப்பதை வைத்தே எல்லாவற்றையும் சரிபண்ண ஒரு வழி சொல்லுங்க அக்கா."

வழி உண்டு, சொல்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே வழி கிடையாது. நீ சறுக்குவது அங்கேதான். போனில் யாரோ எலுமிச்சம்பழச் சாற்றையும் சமையல் சோடாவையும் கலக்கிக் காட்டுகிறார். புஸ்ஸென்று நுரை பொங்குகிறது. உடனே நீ அதைக் குழாயில் பூசுகிறாய், சிங்க்கில் ஊற்றுகிறாய், தரையிலும் தெளிக்கிறாய். அப்புறம், "ஒன்றும் ஆகவில்லையே அக்கா" என்று எனக்கு எழுதுகிறாய். எப்படி ஆகும்? எலுமிச்சை புளிப்பு, சோடா காரம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் வேகத்தை மற்றது கொன்றுவிடும். பொங்குவது வெறும் கரியமில வாயு. மிச்சம் இருப்பது எதற்கும் உதவாத உப்புத் தண்ணீர். தனித்தனியாக வைத்திருந்தால் இரண்டுமே நல்ல வேலைக்காரர்கள்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். கோளாறு எதனால் வந்தது என்று முதலில் பார். காரணம் தெரிந்துவிட்டால் பெரும்பாலான வேலை சில ரூபாயில் முடியும். பார்க்காமல் கையை வைத்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

முதலில் குழாய் உப்பை எடுத்துக்கொள்வோம். அது சோற்றுக்குப் போடும் உப்பு அல்ல, சுண்ணாம்பு. வெள்ளாற்றங்கரையில் குடியிருந்தாலும் உன் வீட்டு மாடித் தொட்டிக்கு ஏறுவது போர் தண்ணீர்தானே? நிலத்தடியில் கிடக்கும்போது அது மண்ணிலும் பாறையிலும் இருக்கிற கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது. மேலே வந்து காய்ந்தாலோ கொதித்தாலோ கரைந்திருந்தது கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடுகிறது. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். சோப்பு நுரைக்காமல் திரிந்துபோவதும், பருப்பு வேக மறுப்பதும், உன் கெட்டிலின் அடியில் பொருக்கு ஒட்டியிருப்பதும் எல்லாம் இந்தச் சுண்ணாம்பால்தான்.

சுண்ணாம்பைக் கரைப்பது புளிப்பு. மளிகைக் கடையில் 'எலுமிச்சை உப்பு' என்று கேள், வெள்ளையாகச் சர்க்கரை மாதிரி ஒரு பொட்டலம் தருவார்கள். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்துக்கொள். பழைய துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டிவிட்டு, ஒரு மணி நேரம் வேறு வேலையைப் பார். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவு. கெட்டிலுக்கும் அதே தண்ணீர்தான். கொதிக்கவைத்து அரை மணி நேரம் விட்டுக் கொட்டு, அப்புறம் இரண்டு முறை வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிடு.

"ஒரு மணி நேரமா? கம்பி நாரால் ஒரு தேய் தேய்த்தால் போகாதா?" என்று கேட்பாய், உன்னைத் தெரியாதா. போகும். குழாயின் பளபளப்பும் கூடவே போகும். கீறல் விழுந்த இடத்தில் அடுத்த வாரம் இன்னும் அழுத்தமாக உப்பு பிடிக்கும். உன்னிடம் பொறுமை இருந்தால் புளிப்பே எல்லா வேலையையும் செய்துவிடும்.

இன்னொரு பேச்சையும் காதில் வாங்காதே: "ஆசிட் வாங்கி ஊற்று, ஒரு நிமிஷத்தில் பளிச்சென்று ஆகிவிடும்." உன் வாஷ்பேசின் பீங்கான். 1,000 டிகிரிக்கு மேல் சுட்டெடுத்து, மேலே கண்ணாடி மாதிரி மெருகு ஏற்றியது. அதை ஆசிட் எளிதில் தொடாது. ஆனால் டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டைத் தின்னும், குழாயின் முலாமைத் தின்னும், அதன் புகை உன் நெஞ்சையும் எரிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஆசிட் ஊற்றிய இடத்திலேயே பிளீச்சிங் பவுடரையும் தூவுவது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ரே போர்க்களத்தில் ஜெர்மானியப் படை எதிரிகள்மேல் திறந்துவிட்ட வாயு அது. கதவைச் சாத்திய குளியலறைக்குள் அதை நீயே உண்டாக்கிக்கொள்ள வேண்டாம். எந்தச் சுத்தம் செய்யும் பொருளையும் இன்னொன்றோடு கலக்காதே. இதை எழுதி ஒட்டி வைத்துக்கொள்.

எலுமிச்சை உப்பையும் கண்ட இடத்தில் தெளிக்காதே. உன் சமையல் மேடை கடப்பா கல் என்று எழுதியிருக்கிறாய். கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல்தான், மார்பிளும் அப்படித்தான், மொசைக் தரையிலும் மார்பிள் சில்லுகள் உண்டு. புளிப்புப் பட்டு ஊறினால் கல்லே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மங்கிப்போகும், திரும்பப் பாலிஷ் போட்டால்தான் சரியாகும். மேடையில் புளித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ சிந்தினால் அப்போதே துடைத்துவிடு.

அடுத்து சிங்க். உப்பைப் போக்கிய அதே பொட்டலத்தோடு இங்கே வராதே, காரணம் வேறு. இங்கே அடைத்திருப்பது எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும். எண்ணெய்க்குப் பகை காரம். கடையில் சலவை சோடா கிடைக்கும், அதில் ஒரு பிடி எடுத்து வடிகால் வாயில் போடு. கைபொறுக்காத சூட்டில், ஆனால் கொதிக்காத தண்ணீரை மெல்ல ஊற்று. குழாய் பிளாஸ்டிக் என்றால் கொதிக்கும் தண்ணீர் அதை நெளித்துவிடும். கால் மணி நேரம் கழித்து ரப்பர் பம்பால் நாலு அழுத்து அழுத்து. அப்போதும் இறங்கவில்லையா? சிங்க்குக்குக் கீழே குழாய் வளைந்திருக்கிறதே, அதன் அடியில் வாளியை வைத்துவிட்டுக் கையால் திருகிக் கழற்று. முக்கால்வாசி அடைப்பு அந்த வளைவில்தான் உட்கார்ந்திருக்கும். முகத்தைச் சுளிக்காதே, உன் தட்டில் நீ மிச்சம் வைத்ததுதான் அது. இனிமேல் எண்ணெய்ச் சட்டியைப் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டுக் கழுவு. இந்த வேலையே மறுபடி வராது.

வாங்கிய சலவை சோடா வீணாகாது. துணி ஊறவைக்கும் வாளியில் சோப்புத் தூளுக்கு முன்னால் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினால், உன் போர் தண்ணீரிலும் சோப்பு நுரைக்கும். சுண்ணாம்பை அது கீழே தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். பட்டுக்கும் கம்பளிக்கும் மட்டும் வேண்டாம். அலுமினியப் பாத்திரத்தில் படவும் விடாதே, கறுத்துப்போகும்.

சொட்டும் குழாய்க்குக் கீழே வாளி வைத்திருப்பதாகப் பெருமையாக எழுதியிருக்கிறாய். வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. இருபது சொட்டு சேர்ந்து ஒரு மில்லி என்று வைத்தாலும் நாலு லிட்டருக்கு மேல் போகிறது. வாளி அதற்கு வைத்தியம் ஆகுமா? திருகுகிற பழைய குழாய் என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் வாசர் தேய்ந்திருக்கும். மாடித் தொட்டியின் வால்வை மூடிவிட்டுக் குழாயின் தலையைக் கழற்றிப் பார். கடையில் புது வாசர் சில ரூபாய்தான். கடை மூடியிருந்தால் பழைய சைக்கிள் ட்யூபில் அதே அளவுக்கு வட்டமாக வெட்டிப் போடு, கொஞ்ச நாள் தாங்கும். மரையில் டெஃப்லான் டேப் சுற்றும்போது மட்டும் குழாயை எந்தப் பக்கம் திருகி மாட்டுவாயோ அந்தப் போக்கில் சுற்று. எதிர்ப்பக்கம் சுற்றினால் மாட்டும்போதே பிரிந்து சுருண்டுவிடும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் இடறுவது இங்கேதான்.

இனி அரிசி. "டப்பாவை நன்றாக மூடித்தான் வைத்தேன், எங்கிருந்து அக்கா வருகிறது?" என்கிறாய். வெளியிலிருந்து வரவில்லை, உன் கூடவே வந்தது. பெண் வண்டு அரிசியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு வாயை அடைத்துவிடும். நீ வாங்கும்போது கண்ணுக்கே தெரியாது. நம் ஊர் வெயிலுக்கு ஒரு மாதத்தில் குடும்பமாக வெளியே வரும். டப்பாவின் அடியில் இருந்த பழைய அரிசியின் மேலேயே புது அரிசியைக் கொட்டினாயே, அது அதற்கு நீயே வைத்த விருந்து. டப்பாவைக் காலிசெய், கழுவு, வெயிலில் காயவை, பிறகு கொட்டு. அரிசியை உச்சி வெயிலில் காயப்போடாதே, நொறுங்கும். இளவெயிலில் மெல்லியதாகப் பரப்பினால் வண்டு தானாக ஊர்ந்து வெளியேறும். ரவையும் மாவும் கொஞ்சமாக இருந்தால் பொட்டலத்தோடு ஃப்ரீசரில் நாலு நாள் வைத்துவிடு, முட்டையும் சாகும். நன்றாகக் காய்ந்த வேப்பிலை, வசம்பு, மிளகாய் வற்றல் போடுவது பழைய வழக்கம். புது வண்டு அண்டுவதை அது குறைக்கும், உள்ளே இருக்கும் முட்டையைக் கொல்லாது. ஈர வேப்பிலையைப் போட்டால் வண்டோடு பூஞ்சையும் சேரும்.

முழுப் பயறு வகைக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. ஒரு கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுப் பிசறி வை. வண்டின் முட்டைக்கு மூச்சு முட்டிப்போகும். நம் கிராமங்களில் துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்துப் பானையில் போடுவார்களே, அதுவும் வண்டு தொடாமல் காக்கிற வேலைதான். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வண்டின் குணத்தை வைத்தே ஒரு பொறி செய்திருக்கிறார்கள். 2 மில்லிமீட்டர் துளைகள் போட்ட ஒரு குழாய், அடியில் ஒரு குப்பி. தானியத்துக்குள் அதைச் செருகிவைத்தால், காற்றோட்டத்தைத் தேடி அலையும் வண்டு துளைக்குள் நுழைந்து குப்பியில் விழுந்து ஏற முடியாமல் கிடக்கும். மருந்தே இல்லாமல் வேலை முடிகிறது, பார்.

யாராவது, "கிடங்கில் போடும் மாத்திரையில் ஒன்று வாங்கி அரிசிக்குள் போடு" என்று சொன்னால் அவர்கள் பேச்சைக் கேட்காதே. அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பைன் என்ற விஷவாயு கிளம்பும். தூங்குகிற வீட்டில் ஆளையே கொன்றுவிடும். வண்டு செத்தால் போதும், நீ எனக்கு வேண்டும்.

ஊறுகாய்க்கு வருகிறேன். மேலே பூத்த பூஞ்சையை எடுத்துவிட்டு மீதியைச் சாப்பிடலாமா என்று கேட்கிறாய். கூடாது. அம்மா கைப்பக்குவம் என்று மனசு கேட்காதுதான், ஆனாலும் கொட்டிவிடு. பூஞ்சையின் வேர் கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழமாக இறங்கியிருக்கும். அடுத்த முறை பீங்கான் ஜாடியைச் சுடுதண்ணீரில் கழுவி ஒரு நாள் வெயிலில் காயவை. ஊறுகாய்க்கு மேல் ஒரு விரல்கடை எண்ணெய் நிற்கட்டும். வாய்க்கு வெள்ளைத் துணியால் வேடு கட்டு. ஈரக் கரண்டியைப் போடவே போடாதே. உப்பும் புளிப்பும் எவர்சில்வரைக்கூட நாளடைவில் அரிக்கும், பீங்கான் மெருகை ஒன்றும் செய்யாது என்பதால்தான் பாட்டிமார் ஜாடியை விடவில்லை. ஜாடி வாங்கும்போது விரலால் சுண்டிப் பார். கணீரென்றால் நல்லது, மந்தமாகக் கேட்டால் எங்கோ விரிசல். விரிந்த ஜாடியைப் பசை போட்டு ஒட்டினால் அதில் பேனா வைக்கலாம், ஊறுகாய் வைக்கக் கூடாது. அலங்காரத்துக்கு வண்ணம் தீட்டிய சாமானிலும் புளிப்பானதைப் போடாதே. சில வண்ணங்களிலும் மெருகிலும் ஈயம் இருக்கும், புளிப்பு அதை இழுத்து வெளியே கொண்டுவரும்.

கடைசியாக ஃபியூஸ். இதில் உன்னைக் கண்டிக்கத்தான் போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அதற்கு முன் அந்த ஃபியூஸ் கட்டையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். பெண்ணாடம் வழியாகப் பஸ் ஏறினால் விருத்தாசலம். அங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது, அந்தத் தொழிலைச் சொல்லித்தர அரசு பாலிடெக்னிக்கும் இருக்கிறது. அகல் விளக்கு, பொம்மையோடு மின்சாதனப் பீங்கானும் செய்கிற ஊர். உன் வீட்டு மெயின் பெட்டியில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கட்டையும் பீங்கான்தான். மின்சாரத்தைக் கடத்தாது, சூட்டில் எரியாது என்பதால்தான் அதற்குப் பீங்கானை வைத்தார்கள். இரண்டு முனைக்கு நடுவே ஓடும் மெல்லிய கம்பியின் வேலையே, மின்சாரம் அளவை மீறினால் தான் எரிந்து வீட்டைக் காப்பது. அது எரியும்போது நீ நன்றி சொல்ல வேண்டும். நீயோ பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று ஒயரைப் பிரித்து நாலு செம்பு இழையை முறுக்கிக் கட்டிவிட்டு, "இப்போது போவதே இல்லை அக்கா" என்று எழுதுகிறாய்! அடுத்த முறை எரிவது சுவருக்குள் ஓடும் ஒயராக இருக்கும்.

இங்கேயும் காரணத்தைப் பார்ப்போம். பெரும்பாலும் திங்கட்கிழமை காலையில்தான் போய்க்கொண்டிருந்தது என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்குத்தான் வாளித் தண்ணீரில் ஹீட்டரைப் போட்டுவிட்டு, அதே அறையில் சட்டைக்கு இஸ்திரியும் போடுகிறாய். ஹீட்டர் 1,500 வாட், இஸ்திரிப் பெட்டி 1,000 வாட். இரண்டும் சேர்ந்தால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 11 ஆம்பியர் இழுக்கும். அந்த அறையின் கம்பி 5 ஆம்பியருக்கானது. பாவம், அது என்ன செய்யும்? ஹீட்டரைப் பெரிய 15 ஆம்பியர் பிளக்கில் போடு. இஸ்திரியை ஞாயிறு ராத்திரியே முடித்துவிடு. காசே செலவில்லை. மெயினை அணைத்துவிட்டு, செம்பு இழையை எடுத்துப்போட்டு, கடையில் 5 ஆம்பியர் ஃபியூஸ் கம்பி வாங்கிக் கட்டு. கட்டத் தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹீட்டரை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொடு. வாளி பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.

வீட்டு வைத்தியமே கூடாத வேறு இடங்களும் உண்டு. குக்கரின் சேஃப்டி வால்வு போனால் அதே கம்பெனி வால்வை வாங்கிப் போடு, பசையோ புளியோ வைத்து அடைக்காதே. கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடு, ஜன்னலைத் திற, வெளியே போய் 1906-க்கு போன் செய். கை சுட்டுக்கொண்டால் பற்பசை, இட்லி மாவு, இங்க் எதுவும் வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டு. பெரிய காயம் என்றால் அதற்குப் பிறகு தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

"இவ்வளவு யோசிக்கவா அக்கா? ஆளைக் கூப்பிட்டால் அவர் பார்த்துக்கொள்வாரே" என்று தோன்றும். கூப்பிடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருக்கும் அது பிழைப்பு. ஆனால் எதனால் வந்தது என்று தெரிந்துகொண்டு கூப்பிட்டால் வாசருக்கு வாசர் காசு கொடுப்பாய். தெரியாமல் கூப்பிட்டால் புதுக் குழாய்க்கே காசு கொடுப்பாய். பணத்தைவிட முக்கியம், உன் வீட்டைப் பார்த்து நீ பயப்படாமல் இருப்பது.

இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய உட்காராதே, உன் வேகம் எனக்குத் தெரியும். முதலில் ஃபியூஸ். மற்றது எல்லாம் ஒரு வாரம் காத்திருக்கும், அது காத்திருக்காது. அதை முடித்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது. எழுதும்போது "சரியாகிவிட்டது" என்று மட்டும் எழுதாமல், எதனால் சரியானது என்றும் எழுது.

அன்புடன்,
அக்கா